கிள்ளுவதா, முழுதாய் எடுப்பதா

பூரணியின் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பது, அவளுக்கு அடுத்தபடியாக ஒரு சிங்களப் பெண்ணுக்குத்தான் தெரியவந்தது. நிலாவெளிப் பாதைச் சோதனைச் சாவடியில் பெண்களைத் தடவிப் பார்க்கிற வேலை அந்தப் பெண்ணுக்கு. புருசன் ஆனந்தராசாவுக்கு அதுவரை தெரியாது. மகள் தயாளினிக்குத் தெரியாது. கந்தோரில் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்கிற ஸல்ஹாவுக்குக்கூடத் தெரியாது.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. பூரணிக்கு நாற்பத்து நான்கு வயது. வீடு திருகோணமலை லிங்கநகரில். வேலை குச்சவெளியில், இடம்பெயர்ந்த சனத்துக்கு நிவாரணம் பதிகிற கந்தோரில் கிளாக்கர். கடற்கரைப் பாதையால் போகிற காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் வேலைக்குப் போய்ச் சேரலாம். சாவடி வந்ததும் எல்லாரும் இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்களின் வரிசை சாக்குப் படங்கு கட்டி மறைத்த கொட்டிலுக்குள் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வெளியே வரும். பிறகு கொஞ்சத் தூரம் நடந்துபோய், முன்னுக்கு நிற்கிற பஸ்ஸில் திரும்ப ஏற வேண்டும். பின்னேரம் திரும்பி வரும்போதும் இதே கதைதான். பிறர் கை தன் உடம்பில் படுவது பூரணிக்குப் பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் உடம்பை அங்கே விட்டுவிட்டு மனதை வேறெங்காவது கொண்டுபோய் வைக்கப் பழகியிருந்தாள், அவ்வளவுதான்.

கட்டியை அவள் தை மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போது கண்டுபிடித்தாள். கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. நோகவில்லை. சவர்க்காரம் பூசிய கை அந்த இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, பிறகு தொடப் பயந்து நின்றது. நோகாத கட்டிதான் பொல்லாதது என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னது யாரென்று யோசித்து யோசித்து, அந்த யோசனையிலேயே குளித்து முடித்து வெளியே வந்துவிட்டாள். வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் அது வருத்தமோ நோயோ இல்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒளிப்பதற்குக் காரணமும் இருந்தது. தயாளினிக்குச் சுவிஸ் மாப்பிள்ளை ஒருவரைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. தாய்க்கு மார்பில் கட்டி என்று ஊருக்குள் ஒரு கதை கிளம்பினால், அதற்குப் பிறகு அந்தப் படலையை ஒருவரும் திறக்க மாட்டார்கள்.

பங்குனி மாதம் ஒரு காலை, கொட்டிலுக்குள் அந்தப் பெண்ணின் கை வழக்கம்போல அக்குளுக்குக் கீழே இறங்கியது, நின்றது, திரும்ப மேலே ஏறியது.

"இது என்ன?" என்று கேட்டாள். அரைகுறைத் தமிழ்.

பூரணி கையால் மார்பை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் இரண்டடி பின்வாங்கி, சட்டைக் கொளுக்கியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். எதையோ ஒளித்துக் கொண்டுபோகிறாள் என்றுதான் நினைத்தாள். பூரணி கழற்றினாள். உள்ளே தோலைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பெண் கிட்ட வந்து இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தேகம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த ஒன்றைப் பார்க்கத்தான் பூரணிக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெளியே நின்ற ஆமிக்காரன் ஏன் சுணக்கம் என்று சிங்களத்தில் கத்தினான். பெண்களின் விசயம், நீ உன் வேலையைப் பார் என்று அவளும் உள்ளேயிருந்து சிங்களத்தில் கத்தினாள். பிறகு பூரணியிடம் டொக்டரிடம் போனாயா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, கொளுக்கியைப் பூட்டியும் பூட்டாமலும் பூரணி வெளியே வந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கொட்டிலுக்குள் கனநேரம் மறிக்கப்பட்டவளுக்குப் பக்கத்தில் நிற்க யாருக்குத்தான் விருப்பம்? பஸ்ஸில் ஸல்ஹா மட்டும் வந்து பக்கத்தில் இருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, கொளுக்கி அறுந்துவிட்டது என்று பூரணி பொய் சொன்னாள்.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் அந்தக் கேள்வி அவளுக்காகக் காத்திருந்தது. டொக்டர் போனதா? இல்லை. டொக்டர் போனதா? போகவேண்டும். அந்தப் பெண்ணின் பெயர் சுமனா என்பதை, யாரோ கூப்பிட்டதை வைத்துப் பூரணி தெரிந்துகொண்டாள். முப்பது வயதுகூட இருக்காது. மற்றப் பெண்களைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் தடவி அனுப்புகிறவள், பூரணி வந்தால் மட்டும் முகத்தைப் பார்த்தாள். ஒருநாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"திங்கக்கிழமை கிளினிக் காட் கொண்டு வா. காட் இல்லை, பஸ் இல்லை. நான் விடமாட்டேன்."

அன்பில் சொன்னாளா அதிகாரத்தில் சொன்னாளா என்று பூரணிக்குப் பிடிபடவில்லை. எதில் சொன்னாலும் அவளுக்குப் பின்னால் துவக்கோடுதான் ஒருவன் நின்றான். வேறு பாதை இருந்தால் அதால் போயிருப்பாள். குச்சவெளிக்கு ஒரு பாதைதான். கடல் ஒரு பக்கம், சாவடி நடுவில். திங்கட்கிழமை காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றுவிட்டாள். ஆனால் வீட்டிலும் நிற்க முடியவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்காக ஆனந்தராசா சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் காய்ச்சலாம் என்று தயாளினி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்த நெற்றியைத் தொட்டுவிட்டு மகள் ஒன்றும் சொல்லாமல் போனது, சுமனா கேட்ட கேள்வியைவிடக் கூடுதலாகக் குத்தியது.

அடுத்த நாள் ஸல்ஹாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எதற்கு என்று வரிசைக் கதிரையில் இருக்கும்போதுதான் சொன்னாள். ஏன் முதலே சொல்லவில்லை என்று ஸல்ஹா கேட்கவில்லை. பூரணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

சத்திரசிகிச்சை வைத்தியர் குணரத்தினம் சாந்தமான மனிதர், ஆனால் களைத்துப்போயிருந்தார். காயப்பட்டு வருகிறவர்களுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் மற்ற நோயாளரைப் பார்த்தார். அவர் கட்டியையும் அக்குளையும் பார்த்துவிட்டு, கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்தார்.

"அம்மா, தொட்டுப் பாத்து நான் சொல்லேலாது. இது ஒண்டுமில்லாத கட்டியாயும் இருக்கலாம், மற்றதாயும் இருக்கலாம்," என்றார்.

பிறகு இரண்டு வழியையும் விளக்கினார். ஒன்று, அந்த இடத்தை விறைக்கப் பண்ணிவிட்டு, தடித்த ஊசியால் கட்டியில் கொஞ்சம் கிள்ளி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கெட்டது என்று வந்தால் அதற்குத் தக்கபடி பெரிய வைத்தியம். இல்லையென்று வந்தால் கத்தியே தேவைப்படாது. மற்றது, மயக்க மருந்து கொடுத்து, கட்டியைச் சுற்றிக் கொஞ்சச் சதையோடு முழுதாகவே வெட்டி எடுப்பது. சில நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும், தழும்பு வரும், ஒன்றுமில்லாத கட்டி என்றால் வீணாக வெட்டியதாகவும் போகும். அப்படி எடுத்ததையும் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். கெட்டதென்றால் பிறகும் மகரகமைக்குப் போகத்தான் வேண்டும்.

கொழும்புக்குப் பக்கத்து மகரகமையில்தான் புற்றுநோய் ஆஸ்பத்திரி. அந்த ஊரின் பெயருக்கு இந்த நாட்டில் வேறு அர்த்தம் கிடையாது.

எது நல்லது என்று அவள் கேட்டாள்.

"கொழும்பில எண்டால் யோசிக்காமல் முதல்ல ஊசி எண்டு சொல்லுவன். இஞ்ச இருந்து கொண்டு அப்பிடிச் சொல்ல வாய் வருகுதில்லை. கொழும்புப் பாதை திறந்திருந்தால் மறுமொழி ஒரு மாசத்தில வரும். சண்டையில பாதை பூட்டினால் எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியாது. நானும் சித்திரை முடிய மாற்றலாகிப் போறன். எனக்குப் பிறகு ஆர் வருவினம், வருவினமோ எண்டும் தெரியாது."

யோசித்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்கு வரச் சொன்னார். கிளினிக் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வந்ததற்கும் கேட்டதற்கும் ஒரு பாரமும் குறையவில்லை. முந்தி ஒரு பயம் இருந்தது. இப்போது அதற்கு இரண்டு வாசல் வைத்துத் தந்திருக்கிறார்கள், எதால் போனாலும் உள்ளேதான் போக வேண்டும் என்று நினைத்தாள்.

அட்டையைச் சுமனாவிடம் காட்டினாள். சுமனா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வாசிக்கத் தெரிந்த மாதிரி இல்லை. அடையாள அட்டையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்து, போ என்று தலையாட்டினாள். அடுத்த கிழமை அந்தக் கொட்டிலில் வேறொருத்தி நின்றாள். சுமனாவைப் பூரணி பிறகு எங்கும் காணவில்லை.

புருசனிடம் சொல்வதற்குக் குசினியைத்தான் தெரிந்தெடுத்தாள். மகள் ரியூசனுக்குப் போயிருந்த நேரம். ஆனந்தராசா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மேலே ஏறி இருந்துகொண்டு கப்பலுக்குள் இருந்து பாரம் தூக்குகிற வேலை. ஆள் கதைப்பது குறைவு. பிட்டைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"எப்ப தொடக்கம்?"

"தையில இருந்து."

"டொக்டர் ஊசி குத்தச் சொன்னவரோ?"

ஓம் என்றாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். தன்னோடு வேலை செய்கிற சின்னராசாவின் மனைவிக்கும் இப்படித்தான் ஒரு கட்டி வந்ததாம். ஊசி குத்தின பிறகுதான் உடம்பெல்லாம் பரவி, ஆள் ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்ததாம். "சும்மா கிடந்ததைச் சீண்டிப் போட்டாங்கள், பூரணி. அதுதான் கிளம்பினது," என்றார். டொக்டரிடம் அதையும் கேட்டதாகவும், குத்துவதால் பரவாது என்று அவர் சொன்னதாகவும் பூரணி சொல்லிப் பார்த்தாள். டொக்டருக்குச் சின்னராசாவின் பெண்சாதியைத் தெரியுமோ என்று கேட்டார். அப்படியென்றால் வெட்டி எடுக்கட்டுமா என்றாள். ஆஸ்பத்திரியில் கிடந்தால் லிங்கநகர் முழுக்கத் தெரிந்துவிடும், கலியாணப் பேச்சு முதலில் முடியட்டும் என்றார். தோப்பூரில் கட்டி கரைக்கிற நாட்டு வைத்தியப் பரிகாரி ஒருவர் இருக்கிறார், மூதூருக்குக் கடலால் லோஞ்ச் ஓடத் தொடங்கினால் போய் எண்ணெய் வாங்கி வரலாம் என்றும் சொன்னார். லோஞ்ச் எப்போது ஓடும் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். கழுவ ஒன்றும் இல்லாமலே வாளி வாளியாக அள்ளி ஊற்றுகிற சத்தம் கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பூரணிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவர் என்றால் சண்டை பிடித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் அன்னலட்சுமி வந்தார். பட்டுச் சேலை, மெதுவான கதை. தயாளினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. பலகாரத்தைக் கடித்துக்கொண்டு, ஒன்று கேட்க வேண்டும், குறை நினைக்கக் கூடாது என்று தொடங்கினார்.

"இந்தக் காலத்தில கேக்காமல் விடேலாது பாருங்கோ. வீட்டில ஆருக்கும் வருத்தம் துன்பம் ஏதும் இருக்கோ?"

"ஒண்டும் இல்லை," என்றார் ஆனந்தராசா, கேள்வி முடிய முன்னமே.

அன்னலட்சுமி பூரணியைப் பார்த்தார். பூரணி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள். கட்டி அந்த நேரத்தில் பெருத்துக்கொண்டே வருவது போலவும், சேலைக்கு மேலால் எல்லாருக்கும் தெரிவது போலவும் இருந்தது. அன்னலட்சுமி போன பிறகு ஆனந்தராசா அவளைப் பார்க்காமல் முற்றத்துக்கு இறங்கினார்.

ஒரு பொய்யைச் சொல்லியாகிவிட்டது. இனி அதைக் காப்பாற்ற வேண்டும். ஊசிதான் சரி என்று அன்றைக்கு முடிவெடுத்தாள். ஆனந்தராசாவிடம் சொல்லத் தேவையில்லை. கந்தோருக்குப் போவதாகப் போய், குத்திவிட்டு, ஒரு துண்டுப் பிளாஸ்ரரோடு பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு குருவிக்கும் தெரியாது.

கிளினிக் நாளில் ஸல்ஹாவும் கூட வந்தாள். நேர்ஸ் மிஸ்ஸி பூரணியை ஒரு சின்ன அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் இருக்கச் சொல்லிவிட்டு டொக்டரைக் கூப்பிடப் போனாள். யன்னல் படியில் சின்னச் சின்னப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. உள்ளே தெளிந்த தண்ணீர் மாதிரி ஒன்றும், அதில் வெளிறிப்போன ஏதோ துண்டுகளும். ஒவ்வொன்றிலும் பிளாஸ்ரர் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. முன்னால் இருந்த ஒன்றில் மாசி மாதத் திகதி. இப்போது பங்குனி கழிந்து சித்திரை தொடங்கிவிட்டது. மிஸ்ஸி திரும்பி வந்ததும் அது என்ன என்று பூரணி கேட்டாள்.

"கொழும்புக்குப் போறதுகள்தான் அக்கா. பாதை பூட்டினாப்பிறகு ஒரு வாகனமும் கொண்டு போறாங்களில்லை. திறந்தால் போகும்."

இங்கே கிடந்தால் பழுதாகாதா என்று கேட்டாள். மருந்துத் தண்ணிக்குள் ஒன்றும் ஆகாது என்றாள் மிஸ்ஸி. பூரணி அந்த மாசி மாதப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் பாதி அழிந்துபோயிருந்தது. யாரோ ஒருத்தி. அவளுடைய துண்டு இங்கே யன்னலில் பழுதாகாமல் கிடக்கிறது. அவள் எங்கே கிடக்கிறாளோ? மிச்சம் அவளுக்குள்ளே சும்மாவா கிடக்கும்? அதற்கு மருந்துத் தண்ணி இல்லையே.

டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். எந்தப் பக்கம் என்று சரிபார்த்து, விறைக்கப் பண்ணுகிற மருந்தை எடுத்தார்.

"ஊசி வேண்டாம் டொக்டர்," என்றாள் பூரணி. "முழுசா எடுத்து விடுங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் கேட்டீர்களா என்று கேட்டார்.

"கேட்டால் ரெண்டும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். காத்திருக்கத்தான் வேணுமெண்டால், அது முழுசும் உந்தப் போத்தலுக்குள்ள கிடந்து காத்திருக்கட்டும். எனக்குள்ள கிடந்து காத்திருக்க வேண்டாம்."

டொக்டர் எடுத்த மருந்தைத் திரும்ப வைத்தார். ஒன்றுமில்லாத கட்டி என்றால் பிறகு தன்னைத் திட்டக் கூடாது என்றார். திட்டமாட்டேன் என்றாள். அடுத்த வியாழக்கிழமை இடம் போட்டுத் தந்தார். வெளியே வந்தபோது ஸல்ஹா என்ன என்று கண்ணால் கேட்டாள். சொன்னதும், "நல்லம்கா, ஒரேயடியா முடிச்சிருங்க," என்றாள். பூரணிக்கு நல்லதாகப் படவில்லை. திரும்பிப் போக முடியாத ஒரு இடத்துக்குள் தானே காலை வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்று பின்னேரம் இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொன்னாள். ஆனந்தராசா, "நீயே முடிவெடுத்துப் போட்டாய், பிறகென்ன?" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். தயாளினி கதிரையில் அப்படியே இருந்தாள்.

"அந்த மாமி கேக்கேக்குள்ள உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"ஓம்."

"அப்பாவுக்கும்?"

"ஓம்."

மகள் எழும்பி அறைக்குள் போனாள். அடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் அன்னலட்சுமியின் வீட்டுக்குத் தானே போய், அம்மாவுக்கு ஒப்பரேசன் என்று சொல்லிவிட்டு வந்தாள். பொய்யோடு போய் அந்த வீட்டில் குடியிருக்க ஏலாது என்றாள். அன்னலட்சுமி அன்பாகத்தான் பேசினாராம், போகும்போது மாம்பழமும் கொடுத்துவிட்டாராம். நாலைந்து நாளில் தரகர் வந்து, சாதகத்தைத் திரும்பப் பார்த்ததில் ஏதோ பிசகு என்று சொல்லிவிட்டுப் போனார். தயாளினி அழுதாளா, அந்தப் பையனில் அவளுக்கு ஆசை இருந்ததா என்று பூரணிக்குத் தெரியாது. கேட்கவும் துணிவு வரவில்லை. மாம்பழங்கள் ஒருவரும் தொடாமல் மேசையில் இருந்து அழுகின.

வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றோடு ஒப்பரேசன் தியேட்டருக்கு வெளியே தள்ளுகட்டிலில் கிடத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் வாகனங்கள் வந்து நிற்கிற சத்தம். எங்கேயோ கண்ணிவெடி. காயப்பட்ட ஆமிக்காரப் பொடியன்களை ஒருவர் பின் ஒருவராக அவளுடைய கட்டிலை உரசிக்கொண்டு தூக்கிப் போனார்கள். ஒருவனுக்குத் தயாளினியின் வயதுதான் இருக்கும், தாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனான். பூரணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இவர்கள் கெதியாக முடிந்து போகட்டும், என்னுடைய முறை இன்றைக்குத் தப்பிவிடக் கூடாது என்று மனம் கிடந்து வேண்டியது. அப்படி வேண்டியதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பவும் வேண்டினாள். பின்னேரம் ஆகிவிட்டது. டொக்டர் குணரத்தினம் சட்டையில் ஈரம் காயாமல் வந்து, போவோமா அம்மா என்றார்.

கண் விழித்தபோது ஆனந்தராசா பிளாஸ்கோடு பக்கத்தில் நின்றார். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டுப் போட்ட பக்கத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு விட்ட நாள் ஓட்டோவில் வந்தார்கள். வழியில் புதிதாகச் சோதனைக்கு ஒரு மறியல் போட்டிருந்தார்கள். இறக்கினார்கள். ஆனந்தராசா ஆண்கள் பக்கம் போனார். மறைப்பு ஒன்றும் இல்லை, வீதியோரத்தில் வைத்தே பார்த்தார்கள். பொம்பிளைப் பொலிஸ் ஒரு சின்னப் பெட்டை. சேலைக்குக் கீழே மொத்தமான மருந்துக்கட்டின் மேல் கை பட்டதும் பாம்பைத் தொட்டவள் போலத் துள்ளி விலகிக் கத்தினாள். நெஞ்சில் குண்டு கட்டிக்கொண்டு வருகிற பெண்களைப் பற்றி அந்தக் காலத்தில் எல்லாருக்கும்தான் தெரியும். ஒரு நொடியில் நாலைந்து துவக்குகள் பூரணியைப் பார்த்து நிமிர்ந்தன. வீதியில் நின்ற சனம் ஓடியது.

இரண்டு கையையும் தூக்கச் சொல்லிக் கத்தினார்கள். வலது கையைத் தூக்கினாள். இடது கை தோளுக்கு மேலே போகவில்லை. தையல் இழுத்தது. அவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள். தூக்காத கையில் ஏதோ வைத்திருக்கிறாள் என்றுதான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஆனந்தராசா "ஒப்பரேசன், ஒப்பரேசன்" என்று குரல் பிசகக் கத்துவதும், அவரை ஒருவன் முழங்காலில் இருத்துவதும் தெரிந்தது. ஓட முடியாது, நிற்க முடியாது, கையைத் தூக்கவும் முடியாது. இந்த இடத்தில் முடியத்தானா இவ்வளவும் என்று நினைத்தாள்.

பிறகு தூக்கின வலது கையை மிக மெல்லக் கீழே கொண்டுவந்தாள். ஒருவரும் சொல்லாமலே சேலைத் தலைப்பை விழவிட்டு, சட்டைக் கொளுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினாள். நடு வீதியில், பட்டப்பகலில். வெள்ளைக் கட்டும், அதில் மஞ்சளாக ஊறியிருந்த கறையும், கட்டுக்கு மேலே தப்பித் தெரிந்த உடம்பும். யாரும் அசையவில்லை. அந்தப் பெட்டை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொறுப்பாக நின்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போகச் சொல்லிக் கையை வீசினான்.

ஆனந்தராசா எழும்பி ஓடி வந்தார். கொளுக்கி பூட்ட அவளால் முடியவில்லை. அவரே பூட்டினார். முழங்காலில் மண்ணோடு, அவ்வளவு பேருக்கும் முன்னால், குனிந்து அந்தக் கட்டை நேராகப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பூட்டி, சேலையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டார். ஓட்டோ கிளம்பிக் கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டார்:

"நோகுதோ?"

ஓம் என்றாள். ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் இல்லை இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

வைகாசியில் பாதை திறந்தது. யன்னலில் இருந்த போத்தல்கள் எல்லாம் ஒரே பெட்டியில் கொழும்புக்குப் போயின. மறுமொழி வர ஆனி முடிந்துவிட்டது. டொக்டர் குணரத்தினம் போய்விட்டார். புதிதாக வந்தவர் இளம் ஆள், மறுமொழித் துண்டை வாசித்துவிட்டு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பேனையை உருட்டினார். கெட்டதா என்று ஆனந்தராசாதான் கேட்டார். கெட்டதுதான் என்றார். ஆனால் சுற்றிவர நல்ல சதையோடு சுத்தமாக எடுத்திருக்கிறார்கள், கிள்ளி எடுத்துவிட்டு இவ்வளவு நாளும் காத்திருந்திருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். இனி மகரகமையில் கதிர்வீச்சு பிடிக்க வேண்டும். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஒவ்வொரு நாளும்.

ஆனந்தராசா துறைமுகத்தில் சம்பளமில்லாத லீவு போட்டார். தயாளினி ஒரு பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கந்தோரில் பூரணியின் வேலையை ஸல்ஹா சேர்த்துப் பார்த்தாள். கொழும்புக்குப் போகிற வழியெல்லாம் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஒரு பகல் முழுதும் எடுத்தது. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை கிடைத்தது. வடக்குக் கிழக்கில் இருந்து வருகிறவர்கள் பொலிஸில் பதிந்தால்தான் தங்கலாம் என்று லொட்ஜ்காரர் சொன்னார். அடுத்த நாள் காலையிலேயே போய் வரிசையில் நின்றார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவன் அடையாள அட்டைகளைப் பார்த்தான். திருகோணமலையா என்று கேட்டான். கொழும்புக்கு எதற்கு வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். ஆனந்தராசா வாயைத் திறக்க முன்னம் பூரணியே அந்த வருத்தத்தின் பெயரைச் சிங்களத்தில் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்ற தமிழ்ச் சனம் எல்லாருக்கும் கேட்டிருக்கும். எவ்வளவு காலம் என்று கேட்டான். ஆறு கிழமை என்றாள். அவன் டொக்டரின் துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பதிவில் இரண்டு கிழமை என்று எழுதி முத்திரை குத்தினான். மிச்சத்துக்குத் திரும்ப வரச் சொன்னான்.

வெளியே வந்தார்கள். வெயில் சுட்டது. ஏதும் குடிக்கிறாயா என்று ஆனந்தராசா கேட்டார். மகரகமைக்கு எந்த பஸ் என்று முதலில் கேட்டுப் பார்ப்போம் என்றாள் பூரணி. இருவரும் காலி வீதி என்கிற அந்தப் பெருந்தெருவைக் கடக்க ஓரத்தில் நின்றார்கள்.